மல்யுத்த பொம்மைகள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன?

ஒரு பொம்மை வரிசை கடையிலிருந்து காணாமல் போனால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பசங்க வாங்கறதில்ல, அதான் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்." தி.நகர் பொம்மைக் கடையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். கேட்பதற்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மல்யுத்த வீரர் பொம்மைகளின் நாற்பது ஆண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால் இந்தப் பதில் பாதிதான் பொருந்துகிறது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த வரிசைகளும் நின்றிருக்கின்றன. சுமாராக விற்றவை பத்து வருடம் ஓடியிருக்கின்றன. பல சமயம் முடிவு செய்தது ஒரு ஒப்பந்தக் காகிதம். அந்தக் காகிதத்தின் பெயர் லைசென்ஸ்.

முதலில் நம்மூர் நிலவரம். 1991-ல் ஸ்டார் டிவி வந்து, மொட்டை மாடிகளில் கேபிள் ஒயர்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்குள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நுழைந்தது. அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட், யோகோசுனா எல்லாம் பள்ளிக்கூடப் பேச்சில் வந்தார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் கையில் இருந்தது பொம்மை கிடையாது, டிரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். மதிய இடைவேளையில் ஒருவன் சீட்டு முழுவதையும் இன்னொருவன் ஜெயித்துக்கொண்டு போவான். பொம்மை என்பது வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்தால் உண்டு. அது வந்த வீட்டுக்கு மாலையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் போவார்கள்.

அப்படி வந்த பொம்மைகள் எங்கே தயாராயின, ஏன் நின்றன என்பதுதான் கதை.

மல்யுத்த பொம்மைகளில் பெரிய அளவில் விற்ற முதல் வரிசை அமெரிக்காவில் 1984-ல் வந்தது. எல்.ஜே.என். என்ற கம்பெனி தயாரித்தது. எட்டு அங்குல உயரம், கெட்டி ரப்பர். கை கால் எதுவும் அசையாது. இரண்டை எடுத்து மோதவிட்டால் மூக்கிலும் முட்டியிலும் பெயின்ட் உரிந்துவிடும். அதனால்தான் இன்று பெயின்ட் போகாத எல்.ஜே.என். பொம்மைக்குச் சேகரிப்பாளர்களிடம் அவ்வளவு மவுசு. ஹல்க் ஹோகன் காலம் அது, நன்றாகவே விற்றன. 1989-ல் இந்த வரிசை முடிந்தது.

1990-ல் அந்த இடத்துக்கு ஹாஸ்ப்ரோ வந்தது. நாலரை அங்குல பிளாஸ்டிக் பொம்மை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு ஸ்பிரிங் வித்தை: ஒருவர் கையை இழுத்துவிட்டால் குத்துவார், இன்னொருவரை அழுத்திவிட்டால் குதிப்பார். ஹோகன், அல்டிமேட் வாரியர், மாச்சோ மேன், ஆந்த்ரே தி ஜயன்ட், ஜேக் ராபர்ட்ஸ் என்று முதல் வரிசையிலேயே பெரிய தலைகள். கம்பெனி புத்திசாலித்தனமாக ஒரு உடம்பு அச்சையே தலையை மட்டும் மாற்றிப் பல வீரர்களுக்குப் பயன்படுத்தியது. இதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. இரும்பு அச்சு செய்வதுதான் பொம்மைத் தொழிலில் மிகப் பெரிய செலவு. முதல் பொம்மை விற்பதற்கு முன்பே அந்தப் பணம் போய்விடும். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

இந்த வரிசை 1994-ல் நின்றது. இதில் கடைக்காரர் சொல்லும் காரணமும் கொஞ்சம் உண்டு. ஹோகன் 1993-ல் போய்விட்டார். முதலாளி வின்ஸ் மக்மாஹன் மீது ஸ்டீராய்டு வழக்கு (1994 ஜூலையில் விடுதலையானார்). ஆட்டத்தின் மவுசே குறைந்திருந்த நேரம். கடைசியாக வந்த பொம்மைகளைப் பச்சை அட்டையில் பொதிந்து விட்டார்கள். ஏழெட்டுப் பேர்தான், அதுவும் குறைந்த எண்ணிக்கையில். இன்று ஹாஸ்ப்ரோ வரிசையில் விலை ஏறிக் கிடப்பவற்றில் இந்தப் பச்சை அட்டைகளும் உண்டு. அதில் லூட்விக் போர்கா என்று ஒருவர். பின்லாந்துக்காரர். 1994 தொடக்கத்திலேயே காயம்பட்டு கம்பெனியை விட்டுப் போய்விட்டார். ஆள் போனபிறகு பொம்மை கடைக்கு வந்தது!

இது மல்யுத்த பொம்மைக்கே உரிய சங்கடம். பேட்மேன் வேலையை விட்டுப் போக மாட்டார், சம்பளம் போதவில்லை என்று அடுத்த கம்பெனியில் சேர மாட்டார், முட்டியில் காயம்பட்டு ஆறு மாதம் படுக்கவும் மாட்டார். மல்யுத்த வீரர் இதெல்லாம் செய்வார். ஒரு பொம்மையைத் திட்டமிட்டு, முகம் செதுக்கி, அச்சு வார்த்து, கப்பலில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த ஆள் நல்லவனிலிருந்து கெட்டவனாகியிருக்கலாம், உடையும் பெயரும் மாறியிருக்கலாம், எதிர்க் கம்பெனி டிவியில் தோன்றிக்கொண்டிருக்கலாம்.

பெயர் என்றதும் இன்னொரு சிக்கல். ஒரு ஹல்க் ஹோகன் பொம்மைக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? முகம் டெர்ரி பொல்லியா என்ற மனிதருடையது. மேடையும் சின்னமும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியுடையது. 'ஹல்க்' என்ற சொல்லுக்கு மார்வல் காமிக்ஸ் உரிமை கொண்டாடியதால், அதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் இருந்தது. அச்சு மட்டும்தான் ஹாஸ்ப்ரோவுடையது. இந்த நான்கில் ஒன்று விலகினாலும் பொம்மை நின்றுவிடும். அல்டிமேட் வாரியர் கதை இன்னும் தீவிரம். ஜிம் ஹெல்விக் என்ற அந்த மனிதர் 1993-ல் சட்டப்படி தன் பெயரையே 'வாரியர்' என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்று கம்பெனியோடு வருடக்கணக்கில் கோர்ட்டில் நின்றார். முகத்தில் வரைந்த வண்ணம்கூட அந்தச் சண்டையில் ஒரு சொத்துதான்.

இந்த இடத்தில் நம்மூர் கம்பெனி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் லைசென்ஸ் என்ன செய்கிறது என்பது சரியாக விளங்கும்.

1946-ல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்த சின்னத் தொழில்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. டயருக்குப் பேர் போன கம்பெனி, ஆரம்பித்தது குழந்தைகள் பலூனில்! அந்த எம்.ஆர்.எஃப்., 1987-ல் ஹாஸ்ப்ரோவோடு கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கியது. தலைமை அலுவலகம் சென்னை, தொழிற்சாலை கோவா. (ராணிப்பேட்டை தொழிற்சாலை பிற்பாடு வந்தது.) மோனாப்பொலி, ஸ்கிராபிள் எல்லாம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்ததில் இந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே வந்தது ஜி.ஐ. ஜோ.

ஜி.ஐ. ஜோ என்பது மூன்றேமுக்கால் அங்குல ராணுவ பொம்மைகள். அமெரிக்காவில் இந்த அளவில் 1982-ல் தொடங்கி 1994-ல் நின்றது. ஆம், மல்யுத்த பொம்மைகள் நின்ற அதே வருடம், அதே ஹாஸ்ப்ரோ. ஆனால் அதன் பிறகு நடந்தது வேறு. அமெரிக்கக் கடைகளில் வரிசை முடிந்த பிறகும் கோவாவில் வார்ப்பது நிற்கவில்லை. 2000-களின் தொடக்கம் வரை ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ இந்தியக் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே பத்து வருடத்துக்கு முன் ஓய்ந்த அச்சு இங்கே புது அட்டையில், சில சமயம் விசித்திரமான நிறங்களில், மறுபடி பிறந்தது. இங்கே தவறான நிறம் என்று பிள்ளைகள் முகம் சுளித்த பொம்மைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வரவழைத்தார்கள்.

ஒரே கம்பெனி, ஒரே வருடம். ராணுவ வீரன் பிழைத்துக்கொண்டான், மல்யுத்த வீரன் பிழைக்கவில்லை. ஏன்? ஜி.ஐ. ஜோ ஹாஸ்ப்ரோவின் சொந்தச் சொத்து. ஸ்னேக் ஐஸ் என்ற பாத்திரத்தை யாரிடமும் கேட்காமல் எந்த நாட்டிலும் எந்த வருடமும் வார்க்கலாம். அவனுக்குச் சம்பளமும் கிடையாது, வக்கீலும் கிடையாது. ஹோகனின் அச்சு நல்ல நிலையில் இருந்தாலும், லைசென்ஸ் முடிந்த மறுநாளிலிருந்து அது வெறும் இரும்பு. கடல் தாண்டி எங்கே அனுப்பினாலும் அதில் வார்க்க முடியாது.

இரண்டு பக்கத்திலும் நின்ற ஒரு மனிதர் உண்டு. சார்ஜன்ட் ஸ்லாட்டர். நிஜ மல்யுத்த வீரர். ஹாஸ்ப்ரோ இவரை 1985-ல் ஜி.ஐ. ஜோ பாத்திரமாகவே ஆக்கிவிட்டது. அதனால் அந்தக் காலத்தின் பெரிய பெயர்களில் ஒருவராக இருந்தும் எல்.ஜே.என். மல்யுத்த வரிசையில் இவருக்கு பொம்மை இல்லை. 1990-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்குத் திரும்பிய பிறகு ஹாஸ்ப்ரோவின் மல்யுத்த வரிசையிலும் வந்தார். ஒரே முகம், ஒரே தயாரிப்பாளர், இரண்டு வேறு ஒப்பந்தங்கள்.

சரி, மல்யுத்தத்துக்கு வருவோம். 1990-களின் நடுவில் ஜாக்ஸ் பசிஃபிக் என்ற புதுக் கம்பெனி லைசென்ஸை வாங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜாக் ஃப்ரீட்மன். பெயர் புதிது, ஆள் பழையவர்: எல்.ஜே.என். கம்பெனியைத் தொடங்கியவரும் இவர்தான். வளைத்தால் எலும்பு முறிவது போல் 'கடக்' என்று சத்தம் போடும் பொம்மைகளோடு ஜாக்ஸ் இறங்கியது. அடுத்த சில வருடங்களில் ஸ்டோன் கோல்டும் ராக்கும் வந்து மல்யுத்தம் மறுபடி உச்சத்துக்குப் போனது. ஜாக்ஸ் காட்டில் மழை.

எதிர்க் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு அப்போது டாய் பிஸ் பொம்மை செய்துகொண்டிருந்தது. 2001 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. வாங்கியவருக்கு ஏற்கெனவே ஜாக்ஸ் இருக்கிறது, டாய் பிஸ் எதற்கு? அந்த வரிசை அத்தோடு சரி. ஜோடியில் ஒருவரை மட்டும் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு மற்றவர் அதே அளவில், அதே பாணியில் கிடைக்கவே இல்லை.

2002 மே மாதத்தில் ஒரு பாண்டா கரடி உள்ளே வந்தது. உலக வனவிலங்கு நிதியத்துக்கும் சுருக்கப் பெயர் அதே டபிள்யூ.டபிள்யூ.எஃப். லண்டன் கோர்ட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். மல்யுத்தக் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயரை மாற்றிக்கொண்டது. அட்டை, பெல்ட், பொம்மை மேடை எல்லாவற்றிலும் பழைய எழுத்தை எடுக்க வேண்டியதாயிற்று. சென்னையில் டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய தலைமுறை பழகியது இந்தப் புதுப் பெயரோடுதான். பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

2007-ல் நடந்தது வேறு ரகம். அந்த ஜூன் மாதம் கிறிஸ் பெனோய் தன் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவர் பெயரிலிருந்த பொருட்களையெல்லாம் கம்பெனி விற்பனையிலிருந்து விலக்கியது. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதமே நம்ம தலிப் சிங் ராணா, அதாவது கிரேட் காளி, உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இந்திய முகத்தோடு மல்யுத்த பொம்மை கடைக்கு வந்த காலம் அது.

ஜாக்ஸ் வரிசை நின்றதுதான் இருப்பதிலேயே தெளிவான உதாரணம். விற்பனை படுக்கவில்லை, ரசிகர்கள் ஓடவில்லை. ஆனால் லைசென்ஸ் வாங்கியதில் லஞ்சம் விளையாடியது என்று 2004 அக்டோபரில் டபிள்யூ.டபிள்யூ.இ. தன் பொம்மைக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டது. அந்த வழக்கைக் கோர்ட் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு, சமரசம் என்று இழுத்து 2009 கடைசியில் ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. இதில் வேடிக்கை, வழக்கு நடந்த ஐந்து வருடமும் இரண்டு பேரும் சேர்ந்து பொம்மை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2010 ஜனவரியிலிருந்து மேட்டல். பார்பி செய்யும் அதே கம்பெனி. அளவு, மூட்டு, முகச் செதுக்கு எல்லாம் வேறு. ஜாக்ஸின் ஜான் சீனாவையும் மேட்டலின் ஜான் சீனாவையும் ஒரே அலமாரியில் வைத்தால் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஒரே ஆள் மாதிரி இருக்காது. பத்துப் பன்னிரண்டு வருடம் சேர்த்தவர்கள் அன்றைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: பழையதோடு நிறுத்துவதா, முதலிலிருந்து ஆரம்பிப்பதா.

லைசென்ஸே இல்லாத பொம்மை உலகம் எப்படி இருக்கும்? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனால் போதும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி என்று பல ஊர்களிலிருந்து மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் வந்து குவியும். தசாவதாரம் செட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெருமாளுக்கு ராயல்டி கட்ட வேண்டியதில்லை. எனவே தசாவதாரம் 'நிறுத்தப்பட்டது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனாலும் அங்கேயும் பொம்மைகள் மறைகின்றன. அச்சு வார்க்க வார்க்கத் தேயும். மூக்கும் விரலும் மழுங்கும். பழைய கைக்காரர் போய், வேறொருவர் புது அச்சு எடுத்தால் முகம் மாறிவிடும். உடைந்த வாமனருக்குப் பதிலாக ஒரு வாமனர் வாங்கிப் படியில் வைத்தால் மற்ற ஒன்பது பேரோடு சேராமல் தனியாக நிற்பார். சில பொம்மைகள் அந்தந்த வருடத்து மோகம். 2019-ல் காஞ்சியில் அத்திவரதர் தரிசனம் முடிந்த கையோடு வந்த நவராத்திரியில் எங்கே திரும்பினாலும் அத்திவரதர் பொம்மைதான். கடைக்காரர் சொல்லும் 'வாங்கறதில்ல' காரணம் உண்மையில் பொருந்துவது இந்த மாதிரி பொம்மைகளுக்குத்தான். கொலுவின் கிரிக்கெட் செட்டைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். வீரர்கள் பெரும்பாலும் ஒரே முகம், சட்டையில் பெயர் இருக்காது. பெயர் போட்டால் அது வேறு விவகாரம்.

எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு 2015 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ரஜினிகாந்தின் பெயரை வைத்து எடுக்கப்பட்ட ஒரு இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், பெயர், உருவம், பாணி ஆகியவற்றின் மீது பிரபலமானவருக்கு உள்ள உரிமையை நீதிமன்றம் அவர் பக்கம் நின்று ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கில் நாளைக்கு யாராவது ஒழுங்கான ரஜினி பொம்மை வரிசை கொண்டுவர நினைத்தால் ஹோகன் பொம்மைக்கு இருந்த அதே காகிதங்கள் இங்கேயும் தேவைப்படும். காகிதம் முடிந்தால் அந்த வரிசையும் நிற்கும். இதில் நடிகருக்கோ மல்யுத்த வீரருக்கோ அநியாயம் எதுவும் இல்லை. அவர் முகம், அவர் உழைப்பு. விலை கொடுப்பது பாதி செட்டோடு நிற்கும் பையன்.

சென்னைக் கடைகளைப் பொறுத்தவரை கடந்த சில வருடங்களில் இன்னொரு காகிதமும் சேர்ந்துகொண்டது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. ஆயிரம் ரூபாய் பொம்மைக்கு இருநூறு கட்டிய இறக்குமதியாளர் அறுநூறு கட்ட வேண்டும். 2023-ல் அது 70 ஆனது. நடுவில் 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் அனுமதி பெற்றாக வேண்டும். மட்டமான பிளாஸ்டிக்கும் ஈயம் கலந்த பெயின்டும் குழந்தை வாய்க்குப் போகாமல் தடுக்க இது தேவைதான், உள்நாட்டுத் தயாரிப்புக்கும் லாபம். ஆனால் ஒரு நகரத்துக்குச் சில நூறு மட்டுமே விற்கக்கூடிய சேகரிப்பு பொம்மைக்காக யாரும் இவ்வளவு படி ஏற மாட்டார்கள். அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கும் வரிசை பாண்டி பஜாரில் 'நின்றுபோனதாக' தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேட்டலின் மல்யுத்த வரிசை பதினைந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. முன்னால் வந்த எந்தக் கம்பெனியும் இவ்வளவு காலம் ஓட்டியதில்லை. எல்.ஜே.என். ஐந்து வருடம், ஹாஸ்ப்ரோ நாலைந்து, ஜாக்ஸ் பதின்மூன்று சொச்சம். நாலரை அங்குல ஹாஸ்ப்ரோ பாணியிலேயே மேட்டல் 2017-ல் 'ரெட்ரோ' என்று ஒரு வரிசை போட்டது. 1994-ல் பாதியில் விட்டதை அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது சொந்தச் சம்பளத்தில் வாங்கிக்கொண்டார்கள். மயிலாப்பூர், அடையாறு வீட்டுக் கொலுக்களில் கடைசிப் படிக்குக் கீழே பிள்ளைகள் 'பார்க்' போடும்போது, கேழ்வரகு முளைத்த மண்ணில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அட்டை தொலைந்த ஜி.ஐ. ஜோவோ, பெயின்ட் உரிந்த பயில்வானோ நிற்பதை இன்றும் பார்க்கலாம்.